வாரிசுகளைத் தேடும் பணம்

ஹைதராபாதின் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967 பிப்ரவரி 24-ம் தேதி காலமானார். லண்டன் வங்கி ஒன்றில் முடங்கிய பணத்துக்கு அவருடைய வாரிசுகள் மேலும் 52 ஆண்டுகள் காத்திருந்தனர்.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த நாள்களில், சுமார் 10 லட்சம் பவுண்டு வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் பாகிஸ்தான் தூதரின் கணக்குக்கு மாற்றப்பட்டது. சில நாள்களிலேயே நிஜாம் அதைத் திருப்பிக் கேட்டார். உரிமை கோருவோர் அனைவரும் உடன்பட்டாலன்றித் தர இயலாது என்றது வங்கி. 2019 அக்டோபர் 2-ம் தேதி, லண்டன் உயர் நீதிமன்றம் இந்திய அரசுக்கும் நிஜாமின் பேரன்கள் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்போது அத்தொகை சுமார் 3.5 கோடி பவுண்டாகப் பெருகியிருந்தது.

நிஜாம் குடும்பத்துக்கு வழக்கறிஞர்கள் இருந்தனர். அரசும் துணை நின்றது. கணவர் எந்த வங்கியில் எவ்வளவு வைத்திருந்தார் என்பதையே அறியாத மனைவிக்கு யார் துணை? பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாமல் ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்பட்ட வைப்புத் தொகை, 2025 ஜூன் இறுதியில் சுமார் 67,000 கோடி ரூபாய். இது பெரும்பாலும் சாமானியர்களின் சேமிப்பு.

சீர்திருத்தங்கள் நடக்காமலில்லை. உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேட 2023-ல் 'உத்கம்' இணையதளம் வந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆவணங்கள் கிடைத்த 15 நாள்களுக்குள் இறந்தவரின் கணக்கைத் தீர்க்க வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெறுபவரே தவிர, உரிமையாளர் அல்லர். பங்குகள் தொடர்பான வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனவே நியமனம் உயிலுக்கு மாற்றாகாது. உயில் எழுதுவதை அமங்கலமாகக் கருதும் மனப்போக்கு மாற வேண்டும்.

எனினும், தேடும் சுமை முழுவதும் துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் மீதே விழுவது நியாயமல்ல. இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்களை அரசு முடக்கியிருக்கிறது. எண்ணை முடக்கப் பயன்படும் அதே பதிவு, இறந்தவரின் வங்கிக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி குறித்து வாரிசுகளுக்குத் தகவல் தரவும் பயன்பட வேண்டாமா? இறப்புச் சான்றிதழுடன் அந்தத் தகவலும் வீடு தேடி வரச் செய்வது அரசின் கடமை.