நாற்காலி காலியாகக் கிடக்கலாமா?

தோழர்களே! கோவிந்தாபுரம் எல்லையோரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் அந்தச் சட்டத்தைக் காட்டி நாம் இடம் கேட்க முடியாது. ஆனால் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர். சம்பளம் மக்கள் வரிப்பணம்.

பள்ளியே பெற்றோரைக் குழுவுக்கு அழைக்கும்போது, அரைநாள் கூலி போகிறதே என்று ஒதுங்கலாமா? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அதை அங்கே எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர் உட்கார வேண்டும். தாய்மார்களே, முன்வாருங்கள்! இழக்கும் கூலியை நாம் அனைவரும் பகிர்ந்து ஈடுகட்டுவோம்.