பம்பி பழுதா, வயர் பழுதா?

பழைய வாகனம் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் எமது ஊர்களில் முதற் குற்றவாளியாக நிறுத்தப்படுவது பெற்றோல் பம்பிதான். கராஜ் வாசலுக்கு இழுத்து வந்ததும் "பம்பி போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. விசாரணை எதுவும் கிடையாது. சொந்தக்காரர் மனைவியின் சங்கிலியை அடகு வைக்கிறார். பம்பி வாங்கிப் பூட்டப்படுகிறது. இரண்டு கிழமை ஓடிய வாகனம் மீண்டும் பழையபடி நின்றுவிடுகிறது. சோதிக்காமல் மாற்றும் இந்தப் பழக்கம் எமது கிராமங்களிலிருந்து ஒழியவேண்டும் என்பதே இங்கு நாம் முன்வைக்கும் கருத்து.

வசதியுள்ளவருக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியதை எல்லோரும் அறிவோம். இருபது, முப்பது வயதான கார் ஒன்றே இன்றும் பல கிராமங்களில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறது. அதை வாடகைக்கு ஓட்டும் குடும்பத்துக்கும் சோறு போடுகிறது. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் இரு வீட்டுக்கும் நட்டம்.

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதனால் எஞ்சின்கள் கெட்டதும் உண்மையே; அக்காலத்தைப் பொற்காலம் என்று பாட நாம் விரும்பவில்லை. ஆயினும் அன்றைய மெக்கானிக்மாரிடம் ஒரு குணம் இருந்தது. மாற்றுவதற்குப் பொருள் இல்லாதபடியால், எங்கே பழுது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டியிருந்தது. இன்று பொருள் கடையில் கிடைக்கிறது, கண்டுபிடிக்கும் பொறுமை குறைந்துவிட்டது.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதன் எஸ்.யூ. பம்பி மின்சாரத்தால் இயங்குவது. உள்ளேயுள்ள மின்காந்தச் சுருள் ஒரு மென்தகட்டை இழுக்கும். இழுத்து முடிந்ததும் பொயின்ற் விலகி மின்சாரம் அறும். சுருள்வில் தகட்டைத் திருப்பித் தள்ள, பெற்றோல் காபரேற்றருக்குப் போகும். பொயின்ற் மறுபடி சேரும். "டிக் டிக்" என்று கேட்பது இதுவே. திறப்பைப் போட்டதும் விரைவாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்குமானால் பம்பி சுகமாயிருக்கிறது. ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டேயிருந்தால் ரங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கக் குழாயில் காற்று புகுகிறது. சத்தமே இல்லாவிட்டால் முதலில் பம்பியின் முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது ஏர்த். இரண்டும் சரியென்றால்தான் மூடியைக் கழற்றிப் பொயின்றைப் பார்க்கவேண்டும். மெல்லத் தட்டியவுடன் அடிக்கத் தொடங்கும் பம்பிக்குப் பெரும்பாலும் பொயின்றில் அழுக்கு அல்லது தேய்மானமே நோய். மின்சாரமும் ஏர்த்தும் இருந்தும் அடிக்காத பம்பி, காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றியவுடன் அடிக்கத் தொடங்கினால், பிழை பம்பியில் அல்ல, அதற்கு அப்பால் ஏதோ அடைத்திருக்கிறது. காது ஒன்றே பாதிச் சோதனையைச் செய்துவிடுகிறது.

பிற்காலத்து ஜப்பான் கார்களில் பம்பி ரங்கிக்குள்ளேயே பெற்றோலில் அமிழ்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது என்பதனாலேயே அதன்மீது பழி போடுவது இலகுவாகிவிட்டது. பின் ஆசனத்தருகே காதை வைத்துக்கொண்டு திறப்பைப் போடச் சொன்னால், பல வாகனங்களில் இரண்டு மூன்று வினாடிக்கு மெல்லிய இரைச்சல் கேட்கும். சிலவற்றில் ஸ்ராட்டர் சுற்றும்போதுதான் கேட்கும். கேட்கவில்லையென்றால் முதலில் பியூஸ், பிறகு ரிலே, பிறகு வயர், கடைசியிலேதான் பம்பி. அந்தக் காலத்து ரொயோற்றாக்கள் பலவற்றில் எஞ்சினருகே ஒரு சோதனைப் பெட்டி உண்டு. திறப்பைப் போட்டுவிட்டு, அதில் பி பிளஸ், எவ்.பி. என்று குறிக்கப்பட்ட இரு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பம்பி ஓடவேண்டும். ஓடினால் பம்பியையும் அதற்குப் போகும் வயரையும் விட்டுவிட்டு ரிலேயின் பக்கம் தேடலாம். பழைய ஹொண்டாக்களில் இன்னொரு கூத்து: மதிய வெயிலில் நிறுத்திய கார் ஸ்ராட் ஆகாது, பொழுதுபட்டதும் ஒன்றும் நடவாததுபோல ஸ்ராட் ஆகும். பிரதான ரிலேயின் உள்ளே ஈயப் பற்று வெடித்திருப்பதே இதற்குப் பெயர்பெற்ற காரணம். பற்றுவைக்கும் கோல் ஒன்றும் அரை மணி நேரமும் போதும்.

ஆனால் எமது கரையோரக் கிராமங்களில் அதிகம் ஏமாற்றுவது ஏர்த் வயர்தான். உப்புக்காற்றும் வெள்ளமும் துருவும் சேர்ந்து வயரைப் பொடியுடன் பூட்டிய இடத்தைத் தின்றுவிடுகின்றன. இங்கே மீற்றர் வைத்திருப்பவர்கூடத் தவறிவிடுகிறார். கழற்றிய வயர் முனையில் மீற்றரை வைத்தால் பன்னிரண்டு வோல்ற் காட்டும். "கரண்ட் வருகிறது, ஆகவே பம்பிதான் பழுது" என்று முடிவு கட்டிவிடுகிறார். மீற்றர் குடிக்கும் மின்னோட்டம் மிக அற்பம். துருப்பிடித்த, ஒரே ஒரு கம்பி இழையில் தொங்கும் வயரும் அதற்கு முழு வோல்ற்றைக் காட்டும். பம்பியோ ஏறக்குறைய ஐந்து அம்பியர் இழுப்பது. அந்தத் துருவில் அரை ஓம் தடை இருந்தாலே இரண்டரை வோல்ற் வழியிலேயே தின்னப்பட்டுவிடும். பாடசாலையில் மனனஞ் செய்த ஓமின் விதி வேறொன்றும் சொல்லவில்லை. எனவே பம்பி ஓடும்போதே அளக்கவேண்டும். பற்றரியின் ஏர்த் முனைக்கும் பம்பியின் ஏர்த் வயருக்குமிடையே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நோய் அங்கேதான் இருக்கிறது.

நாம் பணிபுரிந்த ஒரு கிராமத்தில் ஒரு வாடகைக் காருக்கு ஓராண்டுக்குள் இரண்டு பம்பிகள் மாற்றப்பட்டன. காலையில் ஓடும், சுமையேற்றினால் மூச்சு வாங்கி நிற்கும். மூன்றாவது பம்பிக்குப் பணம் தேடிய வேளையில், தொழிற்பயிற்சி முடித்த அயல்வீட்டு இளைஞன் ஒருவன் பம்பியை ஓடவிட்டு அளந்தான். பற்றரியில் 12.2 வோல்ற், பம்பியில் 9.1. தொலைந்த மூன்று வோல்ற்றில் ஏறக்குறைய முழுவதும் பின்பக்க ஏர்த் போல்ற்றடியில் கிடந்தது. சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசினான். செலவு ஒரு துண்டு மணற்கடதாசி. கழற்றி எறிந்த இரண்டு பம்பிகளையும் அவன் பற்றரியில் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டான். அவை ஏற்கனவே பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன.

பழுதைத் தேடாதவர் செய்யும் இன்னொரு வேலை இதனிலும் பயங்கரமானது. பியூஸ் எரிந்தால் சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுவதும், ரிலேயைத் தவிர்த்துப் பம்பியை நேரடியாகத் திறப்புடன் இணைப்பதும் எமது வீதிகளில் சாதாரணமாகிவிட்டன. வயரை நெருப்பிலிருந்து காப்பது பியூஸ். எஞ்சின் நின்றதும் பம்பியை நிறுத்துவது ரிலே ஒழுங்கு. நேரடி இணைப்புள்ள கார் மோதிப் பெற்றோல் குழாய் அறுந்தால், திறப்பை எடுக்கும்வரை பம்பி பெற்றோலைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இவ்வாறு செய்வதைக் கெட்டித்தனம் என்று யாரும் புகழக்கூடாது.

பயிற்சி நிலையங்கள் எம்மிடம் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் வடக்கு இளைஞருக்கு நல்லதொரு வாய்ப்பு. ஆனால் சான்றிதழுடன் ஊர் திரும்பும் இளைஞன், அளப்பதற்குக் கூலி கொடுக்க யாரும் ஆயத்தமில்லை என்பதைக் காண்கிறான். பொருள் மாற்றினால் கூலி, பொருளில் தரகு, கண்டுபிடித்தால் "சும்மா பார்த்ததுக்கு என்ன காசு?" இங்கே மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நீதியாகாது. சோதனைக்கென்று தனிக் கூலி கொடுக்க வாடிக்கையாளரான நாம் பழகவேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கவும் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வாடகை வாகனச் சங்கங்களும் இதைத் தமது கூட்டங்களில் எடுத்துப் பேசலாம்.

கருவிக்கும் பெருஞ் செலவில்லை. ஒரு சாதாரண மீற்றரும், வின்கருக்குப் போடும் 21 வாற்ஸ் பல்ப் ஒன்றும், இரண்டு முழ வயரும், முதலைக் கிளிப் இரண்டும் போதும். அந்தப் பல்ப் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அம்பியர் இழுப்பதனால், மீற்றர் மறைத்த துருவை மங்கி எரிந்து காட்டிக்கொடுக்கும். அதைக் கணினிப் பெட்டிக்குப் போகும் வயர்களில் வைக்கலாகாது. ரங்கி மூடி திறந்திருக்கும்போது பின்பக்கத்தில் எந்த முனையையும் தொடுத்துப் பார்க்கவும் கூடாது. கிளிப்பை முதலில் பொருத்திவிட்டு, தூரத்திலிருந்து திறப்பைப் போடவேண்டும்.