நிஜம் என்ற வேஷம்

கதை எழுதுகிறவனும் பொய்தான் சொல்லுகிறான். ஆனால், அது பொய் என்பது அவனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். இரு தரப்பாரும் மனமொப்பிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. "மற்றவர்கள் தருவதெல்லாம் கட்டுக்கதை, நான் தருவதே நிஜம்" என்று ஒருவன் தமுக்கடிக்கத் தொடங்கும்போதுதான் மோசடி பிறக்கிறது. இதற்கு உதாரணம் தேடி நான் இலக்கிய உலகத்துக்குப் போகப் போவதில்லை. எதற்கு வீண் பகை? ஜப்பானிய மல்யுத்த மேடைக்குப் போகிறேன்.

தொழில்முறை மல்யுத்தம் ஒரு நாடகம். ஜெயிப்பவன் யார், தோற்பவன் யார் என்பது மேடையேறுமுன்பே பேசி முடிவான சங்கதி. 1984-ல் ஜப்பானில் தோன்றிய யு.டபிள்யு.எஃப். என்ற கம்பெனி இந்த நாடகத்துக்குப் புது ஒப்பனை போட்டது. கயிற்றில் மோதித் துள்ளி வருகிற வேடிக்கையெல்லாம் கிடையாது. சுளீரென்று உதை, கை கால் மூட்டுகளை மடக்கி முறிக்கிற பிடி. அச்சு அசல் சண்டை! முடிவு மட்டும் பழையபடி பேசிவைத்ததுதான்.

1985-ல் அது படுத்துவிட்டது. அகிரா மயெதா 1988-ல் அதை எழுப்பி நிறுத்தினார். மறு வருஷமே டோக்கியோ டோம் அரங்கத்தில் ஜனத்திரள். பிறகு கம்பெனி உடைந்து மூன்றாயிற்று. அவற்றுள் நொபுஹிகோ தகாதாவின் தலைமையில் 1991 மே மாதம் கிளம்பியதுதான் யு.டபிள்யு.எஃப். இன்டர்நேஷனல். ஆளுக்கு 15 புள்ளி. பிடியிலிருந்து தப்பக் கயிற்றைத் தொட்டால் ஒன்று குறையும். கணக்கு வைத்துக்கொண்டு ஆடிய நாடகம்! அமெரிக்க மல்லர் லூ தெஸ் தமது பழைய உலக சாம்பியன் பெல்ட்டையே கொடுத்து ஆசீர்வதித்தார்.

அதோடு நின்றிருந்தால் குறை சொல்வதற்கில்லை. ஆனால், "நாங்களே மெய், மற்றவர்கள் போலி" என்ற வீறாப்பே அவர்களுடைய விளம்பரமாகிவிட்டது. 1994-ல் மற்றக் கம்பெனிகளின் முதன்மை வீரர்களுக்குப் பத்துக் கோடி யென் பரிசைக் காட்டி அறைகூவல் விட்டார்கள். ஒருவரும் வரவில்லை. அதே டிசம்பரில், பிரேஸில் நாட்டு ஜுஜுத்ஸு வீரர் ரிக்ஸன் கிரேஸியின் லாஸ் ஏஞ்சல்ஸ் பயிற்சிக் கூடத்துக்கே யோஜி அஞ்ஜோ சண்டைக்குப் போனார். அங்கே பேசிவைத்த முடிவு ஏதும் இல்லை. முகமெல்லாம் ரத்தமாக வெளியே வந்தார்.

விளைவு? எந்த நாடக மல்யுத்தத்தை இகழ்ந்தார்களோ, அதை நடத்துகிற நியூ ஜப்பான் கம்பெனியோடேயே சேர்ந்து 1995 அக்டோபர் 9-ஆம் தேதி டோக்கியோ டோமில் மேடையேறினார்கள். சுமார் 67,000 பேர் பார்த்திருக்க, தகாதா கெய்ஜி முட்டோவிடம் தோற்றார். எந்தப் பிடியில்? இரண்டு கால்களையும் பின்னி மடக்குகிற, நாடக மல்யுத்தத்தின் அரதப் பழசான பிடியில்! 1996 டிசம்பரில் கடை மூடப்பட்டது. 1997 அக்டோபரில் தகாதாவே ரிக்ஸனை எதிர்த்தார். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை.

"குட்டு வெளிப்பட்டது, கம்பெனி விழுந்தது" என்பார்கள் சிலர். நான் மறுக்கிறேன். நாடகம் என்று தெரிந்தே நியூ ஜப்பானுக்குச் சீட்டு வாங்குகிற கூட்டம் இன்றும் இருக்கிறதே, அது எப்படி? பொய் யாரையும் வீழ்த்திவிடவில்லை. அந்தப் பொய்யின் மேல் செய்த சத்தியம்தான் வீழ்த்தியது.

திறமைக்கும் பஞ்சமில்லை. அங்கே வளர்ந்த கஸுஷி சகுராபா, 2000-ல் நிஜச் சண்டையிலேயே ரிக்ஸனின் தம்பி ராய்ஸ் கிரேஸியோடு 90 நிமிஷம் போராடி வென்றார். கையில் இவ்வளவு சரக்கு உள்ளவர்களுக்குப் பொய்ச் சத்தியம் எதற்கு?

கதையின் தலையில் 'உண்மைச் சம்பவம்' என்று பட்டம் கட்டி விற்கிறவர்களுக்கும், "இது நிஜமாகவே நடந்ததா?" என்று விசாரித்துக்கொண்டு பிறகு கண்ணீர் விடுகிற வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்: கதை நன்றாயிருந்தால், அது நடந்ததா என்ற கேள்வி அநாவசியம். நன்றாயில்லாவிட்டால், நடந்தது என்பது சமாதானமாகாது.