முதலில் வாழ்ந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்



சனி, ஞாயிறுகளில் சென்னை, கோவை ஹோட்டல்களில் நடக்கும் துபாய் வீட்டுக் கண்காட்சிகளின் விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. 'வீடு வாங்கினால் விசா', 'வரி இல்லை', 'கைநிறைய வாடகை' என்பவைதான் பெரும்பாலும் அவை தரும் வாக்குறுதிகள். கண்காட்சிக்குப் போய்வந்த அன்று இரவே, "நாமும் அங்கே போய்விட்டால் என்ன?" என்று பல வீடுகளில் பேச்சு தொடங்கிவிடுகிறது.

அந்த ஆசையில் தவறே இல்லை. நல்ல சம்பளம், சுத்தமான தெரு, இரவில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிற ஊர். பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்கட்டும் என்று நினைக்காத பெற்றோர் உண்டா?

ஆனால் ஒரு ஊருக்குக் குடிபோவது ஒரு முடிவு. அங்கே வீடு வாங்குவது வேறொரு முடிவு. விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்தே விற்கின்றன. நாம் இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்று சொல்லவே இந்த மாதம் எழுதுகிறேன்.

விசாவிலிருந்தே தொடங்குவோம். 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வைத்திருந்தால் 10 ஆண்டு கோல்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நம் பணத்தில் நாலரைக் கோடி ரூபாய்க்கும் மேல். அது தங்கும் உரிமைதான், குடியுரிமை அல்ல. சொத்தை விற்றுவிட்டால் அந்த விசாவுக்கான அடிப்படையே போய்விடும்.

அவ்வளவு பணத்தை இங்கிருந்து அனுப்ப முடியுமா? ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான மாற்று விகிதம். அப்படியென்றால் ஒருவருக்குச் சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் திர்ஹாம். கணவனும் மனைவியும் சேர்ந்து அனுப்பினாலும் ஒரே ஆண்டில் 20 லட்சத்தை எட்ட முடியாது.

அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடிக்கும். ஒரு கோடி அனுப்பினால் 18 லட்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டலாம், ரீஃபண்டும் வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கித்தான் கிடக்கும்.

பில்டர் தரும் நீண்ட தவணைத் திட்டத்தைப் பார்த்து உடனே கையெழுத்து போட்டுவிடாதீர்கள். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அதை அனுமதிக்கிறதா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'வரி இல்லை' என்ற வாக்குறுதியையும் பார்ப்போம். இந்தியாவில் குடியிருப்பவர், அங்கே வாங்கும் வாடகையை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். அந்த வீட்டையும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். இதைக் கண்காட்சியில் யாராவது சொன்னார்களா?

வீட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. துபாய் நிலத் துறைக்கு 4 சதவீதம் பதிவுக் கட்டணம், ஏஜென்டுக்கு வழக்கமாக 2 சதவீதம், ஆண்டுதோறும் சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணம். வீடு பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் நிற்காது. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது துபாயில் வீட்டு விலைகளும் சரிந்தன. பல கட்டடங்கள் பாதியில் நின்றன. கட்டிமுடிக்காத வீடு என்றால், உங்கள் பணம் துபாயின் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கட்டடத் திட்டத்துக்கென்றே தனியாக வைக்கப்படும் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

மற்ற நாடுகளிலும் கதவு அகலத் திறந்திருக்கவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரைக் கட்டணமே 60 சதவீதம். கனடா 2023 ஜனவரியில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டு, அதை 2027 ஜனவரி வரை நீட்டித்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே கட்டிய வீடுகளை வெளிநாட்டவர் வாங்கத் தடை விதித்தது. விலக்குகள் உண்டு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு விதிகள் வேறு. எங்கும் முதலில் காலூன்ற வேண்டும், வீடு அதற்குப் பிறகுதான்.

சரி, வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓராண்டாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். துபாயில் வாடகை ஒப்பந்தத்தை 'எஜாரி' என்ற அரசுப் பதிவு முறையில் பதிவு செய்வார்கள். வாடகைக்குத் தேதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே கேட்பது வழக்கம். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களையும் அந்த ஓராண்டில் பார்த்துவிடுவீர்கள். பள்ளிக் கட்டணம், வேலைக்குப் போகும் தூரம், மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணம் எல்லாம் தெரிந்துவிடும். வேலையோடு சேர்ந்த விசா, வேலை போனால் என்னவாகும் என்பதும் புரியும். இத்தனையும் தெரிந்த பிறகும் அந்த ஊர் பிடித்திருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

வயதான பெற்றோரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வருவார்களா? அந்த வயதுக்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு? வராவிட்டால் இங்கே யார் பார்த்துக்கொள்வது? சொத்து வாங்கினால் உயிலையும் எழுதிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் உயிலைப் பதிவு செய்ய 2015 முதல் துபாய் சர்வதேச நிதி மையத்தில் (டி.ஐ.எஃப்.சி.) வசதி இருக்கிறது. திடீரென்று ஏதாவது நடந்தால் மனைவியும் பிள்ளைகளும் அந்நிய ஊரில் அலையக் கூடாது அல்லவா?

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கும் வீட்டையோ, நிலத்தையோ, வீட்டுப் பெண்களின் நகைகளையோ விற்று வெளிநாட்டில் முதல் வீட்டை வாங்காதீர்கள். அங்கே சம்பாதித்து, அங்கே சேமித்து, அந்தப் பணத்தில் வாங்குங்கள். 'இன்றே புக் செய்தால்தான் இந்த விலை' என்று யார் சொன்னாலும், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்