'பிறவிக் குறை' என்று சொல்லிக் கோப்பை மூடாதீர்கள்

பிறப்பால் உயர்வு தாழ்வு கிடையாது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் 'பிறவிக் குறை' என்ற சொல்லை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். கண் தெரியாத, காது கேட்காத, மாதங்கள் கடந்தும் கழுத்து நிற்காத குழந்தையைப் பார்த்து மருத்துவமனை "பிறவியிலேயே இப்படித்தான்" என்கிறது. வீட்டுப் பெரியவர்கள் "போன சென்மத்துப் பாவம்" என்கிறார்கள். முதல் சொல் நிர்வாகத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது சொல் பெற்ற தாயைக் குற்றவாளி ஆக்குகிறது.

நான் இளையரசனேந்தல்காரன். தீப்பெட்டி ஆலைக்கும் காட்டு வேலைக்கும் போகிற எங்கள் பகுதிப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் பெரும்பாலும் அரசு மருத்துவமனைதான். இந்த இரண்டு சொற்களையும் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். "என்ன நடந்தது, எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு குடும்பம் கேட்டு நான் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்கு வரும் குறைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. டவுன் சிண்ட்ரோம் போன்றவை பெரும்பாலும் யாருடைய தவறும் இல்லாமல் நேர்பவை. இரண்டாவது வகை, பெருமளவு தடுக்கக்கூடியவை. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறும் முன்பே தொடங்க வேண்டும் என்கிறது மருத்துவம். மூன்றாவது வகை, பிறவிக் குறையே அல்லாதவை. பிரசவம் நீண்டு மூச்சுத் திணறியதால் மூளை பாதிக்கப்படுவதும், கடும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டதால் காது கேட்காமல் போவதும் இந்த வகை. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவதுதான் மோசடி.

சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை வழக்கைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் அங்கே 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். அத்தகைய குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் ஆபத்து உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்து, தேவையானால் சிகிச்சை தந்தால் பார்வையைக் காப்பாற்றலாம். அந்தச் சோதனை நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மருத்துவ அலட்சியம் என்று உறுதி செய்து, சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பெரும் பங்கைச் செலுத்த வேண்டியது தமிழ்நாடு அரசு.

தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது. டெல்லி வரை அத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்தும் வசதி, அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் குடும்பத்துக்கு உண்டா?

சட்டத்தின் வாசலிலேயே ஒரு தடை இருக்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. காசு கொடுத்தவர் நுகர்வோர். காசு இல்லாதவர் வெறும் பயனாளி. அந்த வரிசையில் அதிகம் நிற்பவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற வழி இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்துச் சாத்தூரில், 2018 டிசம்பரில் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை நாடே பேசியது. நல்லவேளையாகக் குழந்தைக்குத் தொற்று இல்லை. 2019-இல் மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தலைப்புச் செய்தி ஆனதால் கதவு திறந்தது. செய்தி ஆகாத குழந்தைகளுக்கு?

எங்கள் பகுதிக்கோ யாரிடம் மனுக் கொடுப்பது என்பதே குழப்பம். வருவாய்த் துறைக்குத் தூத்துக்குடி மாவட்டம், ஊராட்சி ஒன்றியத்துக்குக் குருவிகுளம் என்று பல ஆண்டுகள் அலைந்த மக்கள் நாங்கள்.

இரண்டு எதிர்வாதங்கள் வரும். "சொந்தத்துக்குள் கட்டினால் இப்படித்தான்" என்பது முதலாவது. நெருங்கிய ரத்த உறவுத் திருமணம் சில மரபுக் குறைகளின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாதிக்குள்ளேயே பெண்ணெடுக்கும் ஏற்பாடு சொத்தைக் காக்கும், பிள்ளையைக் காக்காது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு இது இன்னொரு காரணம். ஆனால், பிரசவ அறையில் நடந்த தாமதத்துக்கு இது பதில் ஆகாது.

"கோட்டாவில் வந்த டாக்டர்" என்பது இரண்டாவது, அதைவிடக் கீழ்த்தரமானது. எழும்பூரில் நடக்காமல் போனது ஒரு வழக்கமான கண் சோதனை. சாத்தூரில் தவறியது ரத்தப் பரிசோதனை முறை. இட ஒதுக்கீட்டுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? அரசு மருத்துவமனை இல்லையென்றால் எங்கள் பெண்களுக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் அது பதில் சொல்லும் இடமாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இளைய தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக்கூடிய வழக்கு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டிலும் சொல்லுங்கள். கேஸ் ஷீட் கேட்டு மனு எழுதத் துணை நில்லுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கை நேரடியானது. இலவச மருத்துவமனையில் பாதிக்கப்படும் குழந்தைக்கு, வழக்காடும் சுமை இல்லாமல் விசாரணையும் இழப்பீடும் கிடைக்க மாவட்டந்தோறும் ஓர் அமைப்பு வேண்டும். அதில் மருத்துவர்கள் மட்டுமல்லாமல் மக்கள் தரப்பும் உட்கார வேண்டும்.

பிறப்பைக் காரணம் காட்டிக் கேள்வியை அடைப்பது இந்த நாட்டின் பழைய தந்திரம். சாதியில் அதை ஏற்க மறுத்த நாம், தொட்டிலிலும் மறுப்போம்.