ஒழுங்கையில் எத்தனை பேர் நிற்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஐசிடி படிக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாக வாசியுங்கள், பிள்ளைக்கும் காட்டுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் என்று வாவிக் கரையோர ஊர்களில் உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நல்ல விடயம். ஆனால் எங்கள் வகுப்புகளிலும் டியூசன்களிலும் ஒரு பழக்கம் ஊறிப்போய் இருக்கிறது. பத்து வரியில் எழுதியதை மூன்று வரியில் எழுதிக் காட்டும் பிள்ளைதான் கெட்டிக்காரன், கெட்டிக்காரி. அந்த மூன்று வரிக்குப் பெரும்பாலும் ரிகர்ஷன்தான் கைகொடுக்கிறது. நாங்களும் "சபாஷ்" போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: ரிகர்ஷனைச் சொல்லிக்கொடுக்கும் அதே கிழமையில் அதன் விலையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதே வேலையை லூப் போட்டு எழுதவும் பழக்க வேண்டும். உலகத்தில் அதிகம் ஓடும் பணிசெயல் முறைமைகளில் ஒன்றின் கேர்னலை எழுதுபவர்களே இந்த விலையைக் கணக்குப் பார்த்து, ஒவ்வோர் இடமாக ரிகர்ஷனைக் கழற்றி லூப்பை மாட்டியிருக்கிறார்கள். அது லினக்ஸ். உங்கள் கையில் இருப்பது அன்ட்ரொய்ட் போன் என்றால், இந்தப் பதிவை வாசிக்கும்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கேர்னல்தான்.

ஐசிடி படிக்காதவர்களுக்காக ஓர் உதாரணம். கல்யாண வீட்டுக்குப் பெரிய கிடாரம் ஒன்று தேவை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம். அவர் "கொஞ்சம் நில்லுங்க, அடுத்த வீட்டில் கேட்டுட்டு வாறன்" என்று போகிறார். அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொல்லி அதற்கடுத்த வீட்டுக்குப் போகிறார். கடைசி ஆளிடமிருந்து பதில் வரும்வரை எல்லோரும் ஒழுங்கையில் நிற்கிறார்கள். இதுதான் ரிகர்ஷன். ஒரு பங்க்ஷன் வேலையின் ஒரு பங்கை முடிக்கத் தன்னையே திரும்பக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட ஒவ்வொன்றும் பதில் வரும்வரை நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டு காத்து நிற்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் ஸ்டாக்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரேயொரு ஆள் கையில் துண்டுக் காகிதத்தோடு போகிறார். "இன்னாரிடம் கேட்டுப் பாருங்க" என்றால் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். ஒழுங்கையில் யாரும் நிற்கவில்லை. காகிதம் மட்டும் நீளுகிறது. இதுதான் லூப்பும் பட்டியலும்.

ஒழுங்கை அகலமாக இருந்தால் முதல் வழியில் பிரச்சினை இல்லை. ஒழுங்கை எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

லினக்ஸில் நாங்கள் ஓட்டும் சாதாரண புரோகிராம் ஒன்றுக்கு வழமையாக 8 மெகாபைட் வரை ஸ்டாக் கிடைக்கும். கேர்னலுக்குள் நிலைமை வேறு. இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒவ்வொரு திரெட்டுக்கும் கேர்னல் ஸ்டாக் 16 கிலோபைட் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள், 512 மடங்கு சின்னது. அதுவும் 2014ஆம் ஆண்டு 3.15 பதிப்பில்தான் 16 ஆனது. அதற்கு முன் 8 கிலோபைட்.

"இப்போதுதான் ராம் தாராளமாக இருக்கிறதே, கூட்டிக் கொடுத்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேர்னல் ஸ்டாக் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனியாக, முழுதாக, உண்மையான ராமில் ஒதுக்கப்படுகிறது. ஒரு சேர்வரில் 10,000 திரெட்கள் இருந்தால் 16 கிலோபைட் வீதம் சுமார் 160 மெகாபைட் போகும். அதையே 8 மெகாபைட் ஆக்கினால் சுமார் 80 ஜிகாபைட். ஆகவே ஒழுங்கை ஒடுக்கமாகத்தான் இருக்கும். அந்த ஒடுக்கத்துக்குள் எழுதப் பழக வேண்டியது நாங்கள்தான்.

நிரம்பினால் என்ன நடக்கும்? சாதாரண புரோகிராமின் ஸ்டாக் நிரம்பினால் அந்தப் புரோகிராம் மட்டும் சாகும். கேர்னலில் அப்படியில்லை. முந்திய பதிப்புகளில், நிரம்பி வழிந்த ஸ்டாக் பக்கத்தில் இருந்த வேறு தரவுகளைச் சத்தமில்லாமல் மிதித்துவிடும். மெஷின் உடனே விழலாம். விழாமல் பிழையான தரவோடு ஓடிக்கொண்டும் இருக்கலாம், இது அதைவிட மோசம். 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பிலிருந்துதான் ஸ்டாக்கின் எல்லையில் காவல் பக்கம் ஒன்று வைக்கும் வசதி வந்தது. எல்லை தாண்டினால் உடனே பிடிபடும். பிடிபடுவது நல்லது. ஆனால் தொடங்கிய வேலை முடிந்தபாடில்லை.

இனி நடந்த மூன்று மாற்றங்களைப் பார்ப்போம்.

முதலாவது, டிஸ்க். ஒரு டிஸ்க்கின் மேல் ரெய்ட், அதன் மேல் எல்விஎம், அதன் மேல் குறியாக்கம் என்று அடுக்கடுக்காக வைப்பது சேர்வர்களில் சாதாரணம். முன்னர் ஒரு வாசிப்பு வேண்டுகோள் வந்தால், மேல் அடுக்கு கீழ் அடுக்கை அதே பங்க்ஷன் ஊடாகக் கூப்பிடும், அது அதற்குக் கீழ் அடுக்கைக் கூப்பிடும். அடுக்கு கூடக் கூட ஸ்டாக் கரையும். 2007இல் 2.6.22 பதிப்பில் நீல் பிரவுன் செய்த மாற்றம் எளிமையானது: ஏற்கெனவே ஒரு வேண்டுகோள் நடந்துகொண்டிருந்தால் புதியதைப் பட்டியலில் போட்டுவிட்டுத் திரும்பு. வெளியே நிற்கும் முதல் அழைப்பு மட்டும் லூப் போட்டுப் பட்டியலை முடிக்கட்டும். துண்டுக் காகிதக்காரர் செய்வதும் இதுதானே!

இரண்டாவது, 2008இல் பகிரங்கமான ஒரு பாதுகாப்பு ஓட்டை. லினக்ஸில் ஒரு புரோகிராம் தான் திறந்து வைத்திருக்கும் கோப்பை யுனிக்ஸ் சொக்கெட் வழியாக இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பலாம். அனுப்பப்படுவதே ஒரு சொக்கெட்டாகவும் இருக்கலாம், அதற்குள் இன்னொரு சொக்கெட் காத்திருக்கலாம். வெளியே இருப்பதை மூடினால் உள்ளே இருப்பதையும் மூட வேண்டும், அதற்குள் இருப்பதையும் மூட வேண்டும். கேர்னல் இதைச் சுற்றிவளைத்த ரிகர்ஷனாகச் செய்துகொண்டிருந்தது. சங்கிலியை நீளமாகக் கட்டி மூடினால் போதும், அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரண பயனரே முழு மெஷினையும் விழுத்தலாம். மூட வேண்டியவற்றைப் பட்டியலில் போட்டு லூப்பில் மூடும்படி மாற்றித் திருத்தினார்கள்.

பிள்ளைகள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆழம் எவ்வளவு என்பதை அங்கே கேர்னலை எழுதியவர் தீர்மானிக்கவில்லை. வெளியே இருந்த யாரோ தீர்மானித்தார்.

மூன்றாவது, கோப்புப் பாதை. சிம்லிங்க் என்பது இன்னொரு பாதையைக் காட்டும் கோப்பு, விண்டோஸ் ஷோர்ட்கட் மாதிரி. அது காட்டும் பாதைக்குள்ளும் சிம்லிங்க் இருக்கலாம். முன்னர் பாதையில் நடக்கும் பங்க்ஷன் சிம்லிங்க்கைக் கண்டதும் தன்னையே கூப்பிட்டது. ஸ்டாக் தாங்காது என்பதால், ஒன்றுக்குள் ஒன்றாக 8க்கு மேல் போனால் பிழை என்று எல்லை போட்டிருந்தார்கள். நியாயமான தேவைக்கு ஒன்பதாவது படி வைத்தவருக்கும் அதே பிழைதான். 2015 ஓகஸ்டில் வந்த 4.2 பதிப்பில் ஆல் விரோ இதை லூப்பாக மாற்றி எழுதினார். நீல் பிரவுனும் இதற்கான முயற்சியில் முன்னர் ஈடுபட்டிருந்தார். இப்போது பாதியில் விட்ட பாதைகளைக் கேர்னல் தனிப் பட்டியலில் குறித்து வைக்கிறது. முதல் 2 படிகளுக்கு இடம் தயாராக இருக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் வேறு நினைவகத்தில் இடம் எடுக்கும். மொத்தம் 40 சிம்லிங்க் என்ற எல்லை இருக்கிறது, 8 படி என்ற எல்லை போய்விட்டது.

இது லினக்ஸ்காரர்களின் தனி விருப்பம் என்று நினைக்க வேண்டாம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன், உயிரோடும் பணத்தோடும் விளையாடக்கூடாத மென்பொருட்களுக்கு 2006இல் பத்து விதிகளை எழுதினார. முதல் விதியிலேயே ரிகர்ஷனுக்குத் தடை.

இப்போது எதிர்க்கருத்துக்கு வருவோம். சக ஆசிரியர்கள் சிலர் எங்களிடம் நேரடியாகவே சொன்னார்கள்: "ரிகர்ஷன்தான் சிந்தனைக்குத் தெளிவு. கோப்புறைக்குள் கோப்புறை என்ற அமைப்பை அதைவிட அழகாக விளங்கப்படுத்த முடியாது." உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. லூப்பாக மாற்றினால் கோட் வாசிக்கக் கடினமாகும் என்பதும் உண்மை. புதிய சிக்கலும் வரலாம். மேலே சொன்ன டிஸ்க் மாற்றத்திலேயே அது வந்தது. பட்டியலில் காத்திருக்கும் வேண்டுகோள் முடிந்தால்தான் நினைவகம் கிடைக்கும், நினைவகம் கிடைத்தால்தான் பட்டியல் நகரும் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும் நிலை உருவானது. பட்டியலை எந்த ஒழுங்கில் முடிப்பது என்பதை 2017இல் திரும்பவும் திருத்த வேண்டியிருந்தது. படி சிலவற்றுக்கு மேல் போகாது என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் கேர்னலுக்குள் ரிகர்ஷன் இன்றும் இருக்கிறது.

ஆகவே ரிகர்ஷன் கூடாது என்பதல்ல எங்கள் வாதம். ரிகர்ஷனில் சிந்திக்கட்டும். எழுதும்போது இடத்தைப் பார்த்து எழுதட்டும். இரண்டும் தெரிந்தால்தான் பிள்ளை தெரிவு செய்ய முடியும். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு "தெரிவு உன்னுடையது" என்பது நியாயமில்லை.

"சோதனைக்கு இதெல்லாம் வராதே" என்பார்கள் பெற்றார். சோதனை முடிந்த பிறகு வரும். எங்கள் பிள்ளைகள் ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ மொறட்டுவைக்கோ போகலாம், போகாமல் நேரடியாக வேலைக்கும் போகலாம். எங்கே போனாலும் முதலாவது பெரிய வேலையில் அவர்கள் எழுதும் கோட்டுக்குள் வரப்போகும் தரவை அவர்கள் தீர்மானிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேடோ வங்கிக் கணக்கோ, யாரோ ஒருவர் எதையோ அனுப்பத்தான் போகிறார். வகுப்பறையில் ஐந்தை உள்ளீடாகக் கொடுத்து ஓடிய மூன்று வரி, அங்கே ஐந்து இலட்சத்தைச் சந்திக்கும். கொழும்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேறு இடங்கள் இருக்கும். எங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவான வேலையல்ல. புதிய லேப் தேவையில்லை, இருக்கும் பைதனே போதும்.

ஒன்று: ரிகர்ஷனில் எழுதிய ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு லிஸ்ட்டும் லூப்பும் வைத்துத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். லிஸ்ட்டில் சேர்ப்பது, கடைசியிலிருந்து எடுப்பது, இரண்டு கட்டளை போதும். ஸ்டாக் என்றால் என்ன என்பது அப்போதுதான் கைக்கு வரும்.

இரண்டு: உடைத்துக் காட்டுங்கள். பைதன் சாதாரணமாக 1000 அழைப்பு ஆழத்தில் எல்லை வைத்திருக்கிறது. 1 முதல் 5000 வரை கூட்டும் ரிகர்ஷன் பங்க்ஷன் ஒன்றை ஓடவிட்டால் பிழை திரையில் வரும். லூப் எந்தச் சிரமமும் இல்லாமல் முடிக்கும். ஒரு பாடவேளைக்குள் முடியும் வேலை.

மூன்று: ஒவ்வொரு விடைக்குக் கீழும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். இது எவ்வளவு ஆழம் போகும்? அந்த ஆழத்தைத் தீர்மானிப்பது யார்? இடம் முடிந்தால் என்ன உடையும்?

நான்கு: ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு லினக்ஸ் கோட்டையே திறந்து காட்டுங்கள். இலவசம், யாரும் வாசிக்கலாம். அதன் வரிசைப்படுத்தும் பங்க்ஷனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத்தில் புகழ்பெற்ற குவிக்சோர்ட் அங்கே இல்லை, ஹீப்சோர்ட் இருக்கிறது. சராசரியில் குவிக்சோர்ட் சற்று வேகமானது என்று அந்தக் கோட்டிலேயே குறிப்பு இருக்கிறது. தரவை வேண்டுமென்றே ஏறுக்குமாறாகக் கொடுத்து யாராவது அதை மந்தமாக்கிவிடலாம், மேலதிக நினைவகமும் வேண்டும் என்பதற்காக அந்த வேகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்ற இந்தக் கணக்குத்தான் தொழில். மற்றதெல்லாம் எழுத்து வேலை.

பெற்றாரிடம் ஒரேயொரு வேண்டுகோள். பிள்ளை ஒரு புரோகிராமைக் காட்டி "சரியாக ஓடுது" என்றால், கோட் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, "பெரிசா ஒன்றைக் கொடுத்தாலும் ஓடுமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஐசிடி படித்திருக்க வேண்டியதில்லை.

ஐசிடி ஆசிரியர்கள் யாராவது இதை ஏற்கெனவே வகுப்பில் செய்கிறீர்கள் என்றால், எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். உடன்படாதவர்களும் எழுதுங்கள், கதைப்போம். அடுத்த தவணைப் பாடத் திட்டத்தை எழுத உட்காரும் முன் இதைப் பேசி முடித்தால் பிள்ளைகளுக்கு நல்லது.