பழைய ஒயினுக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் விலை 75,000 பவுண்டு! பிரான்சின் சொத்தேர்ன் பகுதியில் செய்யப்படும் ஷாத்தோ திகெம் ஒயினின் 1811-ஆம் வருடத்து பாட்டில் ஒன்று, 2011-ல் இந்த விலைக்குப் போனது. அது போலி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு பழைய பாட்டிலை எதை வைத்து நம்புவது?

முதலில் நிறம். சாதாரண வெள்ளை ஒயின் பழுப்பாகிவிட்டால், காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்று சந்தேகிப்பார்கள். திகெம் அப்படியில்லை. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்வதால் சர்க்கரை அதிகம். புதிதில் வெளிர்மஞ்சள், பிறகு தங்கம், வயதானால் கருப்பட்டிப் பாகு நிறம். நூறு வருட பாட்டில் வெளுப்பாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அடுத்து மட்டம். தக்கை வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கழுத்துவரை நிறைந்திருந்தால், தக்கையை யார் மாற்றினார்கள், எதை ஊற்றி நிரப்பினார்கள் என்று கேட்க வேண்டும்.

விஞ்ஞானமும் உண்டு. அணுகுண்டுகளால் காற்றில் கலந்த சீசியம்-137 ஒயினிலும் இருக்கிறதா என்று பாட்டிலைத் திறக்காமலே அளக்கலாம். இல்லையென்றால் 1945-க்கு முந்தியதாக இருக்கலாம், அவ்வளவுதான். 1811-ஆ, 1911-ஆ என்று அது சொல்லாது.

என்னைக் கேட்டால், இதையெல்லாம் விட பூர்வீகம்தான் முக்கியம். 1985-ல் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் பொறித்த பாட்டில்களைக் கொண்டுவந்தார். திகெமும் அதில் இருந்தது. ஜெஃபர்சன் 1787-ல், 250 பாட்டில் திகெம் கேட்டு எழுதிய கடிதம் நிஜமாகவே இருப்பதால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. ருசி பார்த்த நிபுணர்களும் சொக்கிப் போனார்கள். ஆனால் பாரிசில் எந்த வீட்டில் கிடைத்தது என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அந்த வரிசையில் சிவப்பு ஒயின்களை வாங்கியிருந்த பில் கோக் என்ற அமெரிக்கர் 2006-ல் வழக்குப் போட்டார். எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்று அவருடைய நிபுணர்கள் சொன்னார்கள். சீசியம் சோதனையில் மட்டும் அவருடைய பாட்டில் தேறியிருந்தது!

நாக்கு ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமில்லாத இன்னொரு 1784 பாட்டில் யாரிடம் இருந்தது?

நிலம் வாங்கும்போது மண்ணை மட்டுமா பார்க்கிறோம்? தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். எங்கே கிடைத்தது என்று சொல்ல மறுப்பவரின் பாட்டிலை ஏலக்கூடம் தொடவே கூடாது. எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி!